ஊர் ஊராய்ச் சென்ற மாயக்குரல்

இலண்டன் மாநகரின் ஸ்ட்ராண்ட் வீதியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், உலர்ந்த புல்லை மலைபோல் ஏற்றிய வண்டியொன்று மெல்ல ஊர்ந்து சென்றது. அவ்வழியே நண்பரோடு நடந்து வந்த இளைஞர் ஒருவர் சட்டென நின்றார். புல்லின் நடுவே யாரோ மூச்சுத் திணறி முனகுவது கேட்கவில்லையா என்று அருகில் நின்றோரை வினவினார். எல்லோரும் செவிசாய்த்தனர். முனகல் கேட்டது, பின்னர் அது அபயக் குரலாயிற்று. கூட்டம் திரண்டு வண்டியை மறித்தது. ஒரு மனிதனைப் புல்லுக்குள்ளே புதைத்து எங்கே கொண்டுபோகிறாய் என்று வண்டிக்காரனை அதட்டியது. விரைவாக இறக்குங்கள் என்று உள்ளிருந்து குரல் கெஞ்சிற்று. போக்குவரத்து முற்றாகத் தடைப்பட, பாரம் முழுவதும் வீதியில் இறக்கப்பட்டது. வண்டி வெறுமையாயிற்று. உள்ளே ஒருவரையும் காணவில்லை. முதலில் குரலைக் கேட்டதாகச் சொன்ன இளைஞரையும் காணவில்லை.

மொசியே அலெக்சாந்தர் என்ற மாயக்குரல் வித்தைக்காரரைப் பற்றி அக்காலத்து இலண்டன் மக்கள் சொல்லிச் சிரித்த கதைகளுள் இஃது ஒன்று. நிக்கொலா மரி அலெக்சாந்தர் வத்மார் என்பது அவருடைய முழுப்பெயர். பிரெஞ்சு தேசத்தவர். இருபது ஆண்டுகள் ஐரோப்பாவின் சாலைகளிலே அலைந்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் வித்தை காட்டியவர் என்பர். அவ்வளவோடு நின்றிருந்தால், அரங்கின் விளக்குகள் அணைந்ததும் மறக்கப்பட்ட எத்தனையோ கூத்தாடிகளுள் ஒருவராக அவரும் மறைந்திருப்பார். அவர் பெயர் நூல்நிலையங்களின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளமைக்குக் காரணம் வேறு. ஊர்சுற்றும் வாழ்க்கை அவருக்குப் பொருளைத் தந்தது, புகழைத் தந்தது, ஊரிலேயே தங்கியிருந்த அறிஞர்களுக்கு எளிதில் புலப்படாத ஓர் உண்மையையும் அதுவே காட்டிக் கொடுத்தது.

அவ்வுண்மையைக் காண்பதற்கு முன்னர், அவர் கைக்கொண்ட கலையின் பழமையைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும். மேனாட்டார் இவ்வித்தைக்கு இட்ட பெயருக்கு 'வயிற்றால் பேசுதல்' என்பது பொருள். இலத்தீன் மொழியிலும் கிரேக்க மொழியிலும் இதே கருத்துடைய சொற்களே வழங்கின. பேசுபவனின் வாய் அசையாதிருக்க, குரல் மாத்திரம் எழக் கேட்ட பண்டை மக்கள், வயிற்றினுள்ளே தேவதையோ பேயோ குடியிருந்து பேசுகின்றது என்று எண்ணினர். கிறிஸ்துவுக்கு முன் 422இல் அரிஸ்தோபனிஸ் எழுதிய குளவிகள் என்னும் நாடகத்திலேயே, பிறர் வயிற்றில் புகுந்து பேசுபவனாக யூரிக்கிளிஸ் என்னும் குறிசொல்லி குறிப்பிடப்படுகின்றான். விவிலிய நூலில், சவுல் மன்னன் இரவிலே தேடிச் சென்ற எந்தோர் ஊரின் குறிகாரியைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லாலேயே சுட்டினர். கோயில் வாசலிலும் கல்லறை ஓரத்திலும் பிழைத்த இக்கலை, இடைக்காலத்தில் சூனியம் எனப் பழிக்கப்பட்டது. குரலை மாற்றிப் பேசத் தெரிந்த ஏழைப் பெண்கள், பேய் பிடித்தவர்களென்று விசாரணைக்கு உள்ளாயினர்.

அச்சம் தெளியப் பதினெட்டாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சென் ஜெர்மென் என்னும் ஊரிலே சென் ஜீல் என்ற பலசரக்கு வணிகர் இருந்தார். பேசுகின்ற தம் குரலைக் கூரையிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வருவதுபோலக் காட்ட அவர் வல்லவர். 1770இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் இருவர் அவரைச் சோதித்தனர். விருந்துக்கு வந்திருந்த சீமாட்டி ஒருவர், ஆகாயத்து ஆவியொன்று தம்முடன் பேசுவதாக இரண்டு மணிநேரம் நம்பியிருந்தார். இச்சோதனையைக் கண்டு எழுதிய லா சப்பெல் என்னும் பாதிரியார் 1772இல் ஒரு நூல் வெளியிட்டார். இதில் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை, பயிற்சியே உண்டு என்பது அந்நூலின் முடிவு. சூனியக்காரன் இருந்த இடத்தில் கலைஞன் வந்து நின்றான்.

வித்தையின் இரகசியந்தான் யாது? குரலை எறிதல் என்று மக்கள் கூறுவர். உண்மையில் எவராலும் குரலை எறிய இயலாது. பேசுபவரின் வாயிலிருந்தே ஒலி பிறக்கின்றது. ஆனால் ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அறிவதில் செவி அத்துணைத் திறமையுடையதன்று. அது கண்ணின் துணையை நாடுகின்றது. வித்தைக்காரர் தொண்டையை இறுக்கி, நாவின் அடிப்பகுதியை உயர்த்தி, மூச்சைச் சிறிது சிறிதாக வெளியிட்டு மங்கலான ஒலியை எழுப்புவார். அதே வேளையில் கூரையை வியப்போடு நோக்குவார். பார்ப்பவரின் கண் கூரைக்குச் செல்லும். செவியும் கண்ணின் பின்னே சென்று, குரல் அங்கிருந்தே வருகின்றது என்று சாதிக்கும். பாதி வித்தை மேடையில் நிகழ்கின்றது. மறுபாதி கேட்பவரின் உள்ளத்திலே நிகழ்கின்றது.

உதடு அசையாமற் பேசுவது இன்னொரு தடை. பகரமும் மகரமும் இரண்டு இதழும் பொருந்தப் பிறக்கும் என்றும், வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்துள்ளார். மாயக்குரல் வித்தைக்காரருக்குப் பகை இவ்வெழுத்துகளே. பகரத்துக்குத் தகரத்தின் சாயலையும், மகரத்துக்கு நகரத்தின் சாயலையும் கொடுத்து அவர் கேட்போரை ஏமாற்றவேண்டும். தமிழ்க் குழந்தை முதன்முதற் சொல்லும் அம்மா, அப்பா என்ற இரு சொற்களுமே இவ்வித்தைக்காரருக்கு மிகவும் அரியவை என்பதை நேயர்கள் கண்ணாடி முன் நின்று தாமே சோதித்துப் பார்க்கலாம்.

இன்று மாயக்குரல் என்றதும் மடிமீது அமர்ந்து வாயாடும் பொம்மையே பலருக்கும் நினைவில் வரும். அப்பொம்மை அரங்கின் அரசனானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். அமெரிக்காவிலே எட்கர் பேர்கன் என்பவர் சார்லி மக்கார்த்தி என்ற பொம்மையோடு 1937 முதல் வானொலியில் நிகழ்ச்சி நடத்தி இலட்சக்கணக்கானோரை ஈர்த்தார். வானொலியில் உதடு அசைவதும் தெரியாது, பொம்மையும் தெரியாது. எனினும் நேயர்கள் இருவர் பேசுவதாகவே கேட்டு மகிழ்ந்தனர். வத்மாரின் காலத்து முறை இதனின் வேறு. அவர் பெரிதும் நம்பியது தூரத்துக் குரல்களையே. புகைபோக்கிக்குள் அகப்பட்ட சிறுவன், கதவுக்கு அப்பால் சண்டையிடும் கணவனும் மனைவியும், நிலவறையிலிருந்து கூப்பிடும் வேலைக்காரன் எனக் கண்ணுக்குத் தெரியாத மனிதர்களால் வெற்று அறையை நிரப்புவதே அவருடைய கலை.

வத்மார் 1796ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாரிஸ் நகரிற் பிறந்தார். நோர்மண்டி மாகாணத்து லிசியே என்னும் ஊரில் வளர்ந்தார். இளமையிலேயே பறவைகளின் ஒலியையும் மனிதரின் குரலையும் அப்படியே எழுப்பும் ஆற்றல் அவரிடம் காணப்பட்டது. பாரிஸ் நகரத்து வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை பயிலச் சேர்ந்தார். அறுவைப் பயிற்சிக்கு வைத்திருந்த பிணங்கள் பேசுவதுபோல அவர் குரல் கொடுத்துச் சக மாணவரைக் கலங்கச் செய்தார் என்றும், அதனாலேயே அவருக்குப் பட்டச் சான்று மறுக்கப்பட்டது என்றும் அவரது வரலாற்றில் கூறப்படுகின்றது.

1814இல் நெப்போலியனின் வீழ்ச்சியோடு போர் ஓய்ந்தது. நோயுற்ற பிரசியப் போர்க்கைதிகளைப் பராமரித்து அவர்களது தாயகத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணி இளைஞர் வத்மாரிடம் வந்தது. அவர்களுடன் பெர்லின் நகரை அடைந்தார். அடுத்த ஆண்டு நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து மீண்டு வரவே, பிரான்சும் பிரசியாவும் மறுபடியும் பகைவராயின. பகைவரைப் பேணிக் காத்த இளைஞர், பகைவரின் தலைநகரிலே கைப்பொருளின்றி அகப்பட்டுக்கொண்டார். வைத்தியத் தொழிலுக்குச் சான்றில்லை. ஊர் திரும்ப வழியில்லை. எஞ்சியிருந்தது தொண்டை ஒன்றே. விளையாட்டாகப் பழகியது பிழைப்பாயிற்று. மொசியே அலெக்சாந்தர் என்ற பெயரோடு அவர் சாலையில் இறங்கினார்.

அக்காலத்துச் சாலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தால், இருபதாண்டு அலைச்சலின் கடுமை விளங்கும். பயணிகள் புகையிரதம் இங்கிலாந்திலேயே 1825க்குப் பின்னர்தான் ஓடத் தொடங்கியது. ஆகவே அவருடைய பயணங்களிற் பெரும்பகுதி குதிரை வண்டியிலேயே நிகழ்ந்தது. 1815க்குப் பின் ஜேர்மன் நாடு முப்பத்தொன்பது அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. எல்லைதோறும் சுங்கச் சாவடி. அரசுதோறும் வேறு நாணயம். கடவுச்சீட்டைப் பார்வையிட வேறு வேறு அதிகாரிகள். ஊர்சுற்றும் கலைஞன் ஒவ்வோர் ஊரிலும் அந்நியன். மண்டபத்தை வாடகைக்குப் பேசவேண்டும், துண்டுப்பிரசுரம் அச்சிடவேண்டும், ஊர்ப் பெரியவரின் நல்லெண்ணத்தைப் பெறவேண்டும். இத்தனையும் செய்தபின், ஒரு மாலைக்குள் அவ்வூராரைச் சிரிக்க வைக்கவேண்டும். சிரிக்கவில்லையாயின் அடுத்த ஊருக்கு வண்டிக்கூலி இல்லை.

இக்கலைஞர்மீது உலகம் கொண்டிருந்த மதிப்பும் உயர்ந்ததன்று. இங்கிலாந்திலே 1572இல் இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டம், தக்க ஆதரவோ அனுமதியோ இன்றி அலையும் நடிகரையும் செப்பிடு வித்தைக்காரரையும் பிச்சைக்காரரோடு ஒருங்கே எண்ணிக் கசையடிக்கு உரியவராக்கியது. நூற்றாண்டுகள் கடந்து சட்டம் தளர்ந்தபோதிலும், அவ்வெண்ணம் எளிதில் மறையவில்லை. மாலையிலே கைதட்டிய கனவான், காலையில் அதே கலைஞனைத் தம் வீட்டு விருந்துக்கு அழைக்கத் தயங்குவார். வத்மாருக்கு அழைப்பு வந்தது. பழக்கத்தில் இனிமையும், பல நாடு கண்ட அறிவும், நல்லோரின் அறிமுகக் கடிதங்களும் அரண்மனைக் கதவுகளையும் அவருக்குத் திறந்தன.

1822இல் அவர் இலண்டன் அடெல்ஃபி அரங்கில் தோன்றினார். மொன்கிரீஃப் என்னும் நாடக ஆசிரியர் அவருக்கென்றே எழுதிய நாடகத்தில், நிக்கொலஸ் என்ற குறும்புக்கார வேலைக்காரனாகவும், ஆணும் பெண்ணும் கிழவருமாகிய வேறு பலராகவும் அவர் ஒருவரே நடித்தார். திரைக்குப் பின்னே உடையை மாற்றும் நொடிகளிலும், மேடையில் ஆள் இருப்பதாகக் குரல் பேசிக்கொண்டேயிருக்கும். ஒரே மனிதர் ஒரு குடும்பமாகவும் ஒரு சந்தையாகவும் மாறியதைக் கண்ட இலண்டன் மக்கள் வியப்புற்றனர்.

1824இல் ஸ்கொட்லாந்து சென்ற வத்மார், புகழ்பெற்ற நாவலாசிரியர் சேர் வோல்ட்டர் ஸ்கொட்டின் ஆபட்ஸ்ஃபோர்ட் இல்லத்தில் விருந்தினரானார். ஸ்கொட் எழுத்தாளர் மாத்திரமல்லர். செல்கேர்க் மாவட்டத்தின் ஷெரிப் உத்தியோகத்தையும் வகித்தவர். விருந்தினரின் வித்தையைக் கண்டு மகிழ்ந்த அவர், வேடிக்கைச் செய்யுளொன்றை எழுதிக் கொடுத்தார். ஒருவரென்று எண்ணி வீட்டுக்குள் விட்டோம், உள்ளே ஒரு கூட்டமே இருக்கின்றது. ஷெரிப் என்ற முறையில் கலகச் சட்டத்தை வாசித்துக் கலைந்து செல்லுங்கள் என்று கட்டளையிட வேண்டியுள்ளது என்பது அதன் கருத்து. ஊர்சுற்றும் வித்தைக்காரரைத் தண்டிக்கும் அதிகாரம் முற்காலத்தில் யாரிடம் இருந்ததோ, அவ்வகை உத்தியோகத்தவரே அவரைப் பாராட்டிக் கவி எழுதினார். வத்மார் இத்தகைய கையெழுத்துகளையும் ஓவியங்களையும் சென்ற இடமெல்லாம் சேர்த்து வைத்தார். பின்னாளில் அவை ஒரு தொகுப்பாக வெளிவந்தன.

இவையனைத்தும் மாலை நேரத்து வாழ்க்கை. கலைஞனின் பகற்பொழுது அவனுக்கே உரியது. ஊர்சுற்றிகள் பலர் அதனை உறக்கத்திலோ சூதாட்டத்திலோ கழித்தனர். வத்மார் நூல்நிலையங்களுக்கும் அரும்பொருட் காட்சிச்சாலைகளுக்கும் சென்றார். பட்டம் பெறாமற்போன மாணவனின் பசி அது. ஓர் ஊரின் நூல்நிலையத்தை மாத்திரம் அறிந்தவருக்கு அஃது ஒரு கருவூலமாகத் தோன்றும். நூறு ஊர்களின் நூல்நிலையங்களை அடுத்தடுத்துக் கண்டவருக்கோ வேறொன்று புலப்பட்டது. ஒரு நூலின் பல பிரதிகள் ஓரிடத்தில் தூசு படிந்து கிடக்கின்றன. அதே நூலின் ஒரு பிரதிக்காக மற்றோரிடத்து மாணவன் ஏங்குகின்றான். இருவருக்கும் இடையே ஒரு வாரத்து வண்டிப் பயணமே உள்ளது; ஆயினும் ஒருவரை ஒருவர் அறியார்.

இந்நிலை ஏற்பட்டமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடாலயங்களின் நூல்கள் அரசுடைமையாயின. பவேரியாவில் 1803இல் மடாலயங்கள் கலைக்கப்பட்டபோது, அவற்றின் ஏடுகள் வண்டி வண்டியாக மியூனிக் அரச நூல்நிலையத்துக்கு வந்து குவிந்தன. பல மடங்களிலும் ஒரே சமய நூல்களும் ஒரே இலக்கண நூல்களும் இருந்தமையால், ஒன்றுக்குப் பத்தாகப் பிரதிகள் சேர்ந்தன. நூலகர்க்கு அவற்றை வைக்க இடமில்லை. விற்றால் எடைக்கு எடை கடதாசி விலையே கிடைக்கும். ஒவ்வொரு நூலகரும் இதனைத் தம்முடைய தனிப்பட்ட தொல்லையாகவே கருதினார். எல்லோருடைய தொல்லையும் ஒன்றே என்பதையும், ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவுக்கு மருந்து என்பதையும், வண்டியிலே வந்து இறங்கிய வித்தைக்காரர் கண்டார்.

தேசங்கள் தம்மிடம் மிகுந்துள்ள நூல்களையும், அரசாங்க அறிக்கைகளையும், சட்டத் தொகுதிகளையும், நாணயங்களையும், தாவர விலங்கு மாதிரிகளையும் தமக்குள்ளே மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதே அவர் வகுத்த திட்டம். பணம் கொடுத்து வாங்கும் ஆற்றல் ஏழை நூல்நிலையங்களுக்கு இல்லை. பண்டமாற்றுக்கோ பணம் தேவையில்லை. 1830களின் நடுப்பகுதியில் அவர் மேடையைப் பெரிதும் துறந்து, பிரெஞ்சுப் பாராளுமன்றச் சபைகளுக்கு விண்ணப்பம் செய்தார். பாராட்டுக்குக் குறைவில்லை, செயலே நிகழவில்லை. பழைய அரசுகளும் பழைய அலுவலகங்களும் மெல்லவே அசையும் என்பதைக் கண்ட அவர், புதிய உலகை நோக்கிக் கப்பலேறினார்.

1839இல் அவர் நியூயோர்க் நகரை அடைந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. செலவுக்குப் பணம் வேண்டியிருந்தமையால் மொசியே அலெக்சாந்தர் மீண்டும் மேடையேறினார். மாலையில் அவர் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து கிழவனாகக் கூப்பிடுவார். காலையில் ஆளுநரிடமும் சட்டசபை உறுப்பினரிடமும் நூல்களைப் பற்றிப் பேசுவார். நேற்றுக் குரல் மாற்றி நகைக்க வைத்தவரை இன்று அறிவுத் தூதராக ஏற்பதற்குச் சிலர் மறுத்தனர். இதுவும் ஒரு செப்பிடு வித்தையோ என்று ஐயுற்றனர். எனினும் ஆயிரம் அந்நியரைச் சில நிமிடங்களிலே தம் வசமாக்கிப் பழகிய நாவுக்கு, சட்டசபைக் குழுவொன்று பெரிய தடையன்று. 1840ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்கக் கொங்கிரஸ் சபை, தனது நூல்நிலையத்தில் மிகுந்துள்ள பிரதிகளை வெளிநாடுகளோடு மாற்றிக்கொள்ளவும், அரசாங்க வெளியீடுகளில் ஐம்பது பிரதிகளை அதற்கென மேலதிகமாகப் பெறவும் அனுமதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இருபதாண்டு அலைந்த ஒருவரின் எண்ணம் முதன்முறையாகச் சட்டமாயிற்று.

அங்கிருந்து அவர் கனடா சென்றார். 1837, 1838ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி அடங்கிய காலம் அது. பிரெஞ்சு மொழியாரும் ஆங்கில மொழியாரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய மொன்றியல் நகரிலே, தனித்தனியே இயங்கிய சங்கங்களை ஒன்றாக்கி, நூல்நிலையமும் காட்சிச்சாலையும் விரிவுரை மண்டபமும் கொண்ட பொதுக் கழகம் அமைக்குமாறு அவர் வேண்டினார். கூட்டங்கள் நடந்தன, ஆரவாரம் எழுந்தது, அவர் விரும்பியவாறு கழகம் அமையவில்லை. ஓர் அறையிலே பத்துக் குரல்களை ஒருங்கு இசைவித்தவரால், ஒரு நகரத்தின் இரு மொழியாரை ஒருங்கு அமர்த்த முடியவில்லை. குரல்களை இசைவிப்பது கலை. மனங்களை இசைவிப்பது அதனினும் அரிது.

பொஸ்டன் நகரிலே விதைத்தது முளைத்தது. 1841இல் அவர் அந்நகரத்தாரிடம் பேசினார். 1843இல் பாரிஸ் நகர் பொஸ்டன் நகருக்கு ஏறத்தாழ ஐம்பது நூல்களை அன்பளிப்பாக அனுப்பியது. நூல்கள் வந்தன, வைப்பதற்கு நகரத்துக்கென ஒரு நூல்நிலையம் இல்லை. பதில் அன்பளிப்பு அனுப்பவேண்டும். அதற்கும் ஓர் அமைப்பு இல்லை. அந்தச் சிறு அன்பளிப்பு பெருநகரமொன்றை நாணச் செய்தது. 1847இல் நகரபிதா ஜொசையா குவின்சி, பொதுமக்கள் பத்தாயிரம் டொலர் திரட்டுவாராயின் தாம் ஐயாயிரம் டொலர் தருவதாகப் பெயர் வெளியிடாமல் அறிவித்தார். 1848இல் மாசச்சூசெட்ஸ் சட்டசபை, நூல்நிலையம் நிறுவ நகரத்துக்கு அதிகாரம் அளித்தது. 1854இல் பொஸ்டன் பொது நூல்நிலையம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்நூல்நிலையத்தை வத்மார் ஒருவரே நிறுவினார் என்று கூறுதல் வரலாறாகாது. அறிஞர் ஜோர்ஜ் டிக்னர், மக்கள் விரும்பும் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டுமென்று வாதாடினார். எட்வேர்ட் எவரெட் தம்மிடமிருந்த அரசாங்க வெளியீடுகளை நல்கினார். இளமையில் புத்தகம் வாங்க வசதியின்றிக் கடையிலே அமர்ந்து படித்துப் பின்னர் இலண்டனில் பெருஞ்செல்வரான ஜோஷுவா பேட்ஸ், 1852இல் ஐம்பதாயிரம் டொலர் கொடுத்தார். ஆயினும் உள்ளூராரின் மனத்திலே முதற்பொறியை இட்டவர் வெளியூர் வித்தைக்காரர் என்பதை அந்நூல்நிலையத்தின் வரலாறு மறைக்கவில்லை.

1847 முதல் 1850 வரை வத்மார் மறுமுறை அமெரிக்காவிற் சுற்றினார். மேய்ன், வெர்மான்ட், மிச்சிகன் முதலிய மாநிலங்கள் அவரைத் தம் முகவராக ஏற்றுப் பணவுதவியும் செய்தன. 1848இல் கொங்கிரஸ் சபை மற்றொரு சட்டமும் இயற்றியது. பாரிஸ் நகரில் அவர் அமைத்த நிலையத்தின் வழியாகப் பல்லாயிரம் நூல்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தன. ஆனால் ஒரு மனிதரின் உற்சாகத்தின்மேல் எழுப்பிய அமைப்பு அம்மனிதரைப் போலவே களைப்படைந்தது. அனுப்பியதற்கு ஈடாக வந்தவை தகுதி குறைந்தவை என்று சிலர் முறையிட்டனர். பெட்டிகள் துறைமுகங்களிலே தாமதமாயின. கணக்கு வைப்பதற்குப் போதிய எழுத்தர் இல்லை. கொங்கிரஸ் சபை 1852இல் தன் சட்டத்தை நீக்கியது. மாநிலங்களும் மெல்ல மெல்ல உதவியை நிறுத்தின. வத்மார் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பணியைத் தொடர்ந்து, 1864ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்தன. 1871ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் கொம்யூன் ஆட்சியின் இறுதி நாட்களில், உள்நாட்டுப் போரின் நடுவே நகர மண்டபத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அம்மண்டபத்தோடு அதன் நூல்நிலையமும் எரிந்தது. அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் பாரிஸ் நகருக்கு அனுப்ப, வத்மார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அங்கே அடுக்கிய நூல்களும் சாம்பராயின. நூல்நிலையம் எரிவதைக் கண்ட ஊரவர்க்கு அத்துயரத்தை விளக்க வேண்டியதில்லை. காகிதம் எரிகின்ற மணம் நீங்கினாலும், அவ்விடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் நெஞ்சு ஒருகணம் நிற்கும்.

ஆயினும் அத்தீ ஒன்றைத் தன்னையறியாமலே மெய்ப்பித்தது. பாரிஸ் நகரத்து அலமாரி எரிந்தது. அந்நகரம் பொஸ்டனுக்கு அனுப்பிய நூல்களை அத்தீ தீண்டவில்லை. நூல் ஓரிடத்திலே குவிந்திருப்பது செல்வமன்று, அஃது ஆபத்து என்பதை வத்மாரின் விண்ணப்பங்களினும் உரக்கச் சொல்லியது அந்த நகர மண்டபத்தின் கரிந்த சுவரே. ஒரு நூலுக்கு உண்மையான பாதுகாப்பு இரும்புப் பூட்டன்று. மற்றோர் ஊரிலே மற்றொரு பிரதி இருத்தலேயாகும்.

அவருடைய எண்ணம் அவரோடு மடியவில்லை. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனம், தனி மனிதரின் உற்சாகத்தை நம்பாது, எழுத்தரும் கணக்கேடும் கொண்ட ஒழுங்கான பரிமாற்ற முறையை அமைத்தது. 1867இல் அமெரிக்கக் கொங்கிரஸ் சபை அரசாங்க வெளியீடுகளின் பரிமாற்றத்துக்கு மறுபடியும் வழிவகுத்தது. 1886இல் பிரசெல்ஸ் நகரிலே பல தேசங்கள் கூடி, அதற்கென உடன்படிக்கை செய்துகொண்டன. 1958ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம், வெளியீடுகளைத் தேசங்கள் தமக்குள் மாற்றிக்கொள்வதற்கான இரண்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. அவை நிறைவேறிய இடம், வத்மார் பிறந்து இறந்த பாரிஸ் நகரமே. சுங்கச் சாவடிகளிலே பெட்டியைத் திறந்து காட்டிக் களைத்த ஒரு வித்தைக்காரரின் கனவுக்கு அரசாங்கங்கள் முத்திரையிட நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நூல்நிலையத் துறையிலே அவர் பயின்றவரல்லர். கையில் பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை, நிலையான முகவரிகூட நெடுங்காலம் இல்லை. அறிஞர்கள் அறைக்குள் இருந்து தம் அலமாரியை நோக்கினர். அவர் சாலையிலிருந்து எல்லா அலமாரிகளையும் நோக்கினார். கூத்தாடி என்று உலகம் எதனைக் குறையாகக் கருதியதோ, அந்த அலைச்சலே அவருக்குக் கண்ணாயிற்று.

பேசுபவர் இல்லாத இடத்திலே குரலை எழச் செய்வது மாயக்குரல் வித்தை. நூல் செய்வதும் அதுவேயன்றோ? எழுதியவர் மறைந்த பின்னும், அவர் அறியாத ஊரிலே, அவர் காணாத மாணவன் ஒருவன் ஏட்டைத் திறக்கும்போது அவருடைய குரல் எழுகின்றது. முதல் வித்தையிலே வண்டி முழுவதையும் இறக்கிப் பார்த்தாலும் உள்ளே ஒருவரும் இல்லை. இரண்டாவது வித்தையிலோ, பெட்டியைத் திறந்தால் பேசுபவர் உள்ளேயே இருக்கின்றார். மொசியே அலெக்சாந்தர் தம் வாழ்வின் முற்பாதியை முதல் வித்தைக்கும், பிற்பாதியை இரண்டாவதற்கும் கொடுத்தார்.